செம்பாகமும் ஏழு நிமிடமும்

எங்கள் வீட்டில் கருத்தரங்குப் பைகள் மட்டும் ஏழு இருக்கின்றன. இரண்டு சணல் பை, மிச்சம் ஐந்தும் ஒரே தினுசான நீலத் துணிப் பை. ஒரு பக்கம் ஆய்வரங்கின் பெயர், மறுபக்கம் அனுசரணை தந்த நகைக்கடையின் பெயர். வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகும்போது மனைவி அதில் ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு போவாள். ‘இடைக்கால வரலாறும் பண்பாடும்’ என்ற எழுத்துக்கு மேலே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு நிற்கும். மீன்காரர் ஒருநாள் “மிஸ் கம்பஸிலயோ படிப்பிக்கிறீங்கள்?” என்று கேட்டாராம்.

அவளும் கம்பஸ் இல்லை, நானும் கம்பஸ் இல்லை. நான் புறக்கோட்டையில் ஒரு கிளியரிங் கந்தோரில் 22 வருடமாக இருக்கிறேன். கப்பல் வரும், பில் ஒஃப் லேடிங் வரும், சுங்கத்துக்குக் கடதாசி போகும், டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறுவதற்குள் கொன்டெய்னரை வெளியே எடுக்கவேண்டும். அவ்வளவுதான் தொழில். இப்படிப்பட்ட ஆள் சனிக்கிழமைகளில் எதற்குப் பொலனறுவைக் காலத்தைப் பற்றிக் கேட்கப் போகிறான் என்று கந்தோரிலும் கேட்கிறார்கள். காரணம் ஒரு கப்பல்தான்.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீர்கொழும்புப் பக்கம் கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணி. கரையொதுங்கிய எதையும் தொடவேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். ஊரடங்கு மாதிரியான காலம், வீட்டிலிருந்தே வேலை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், வயதானவர், கப்பலில் அவருடைய சரக்கு ஒன்றும் இல்லை, சும்மா அறியும் ஆவலில் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, ஒரு கப்பல் உடைஞ்சு சாமான் கரைக்கு வந்தால் அது ஆருக்குச் சொந்தம்?” நான் காப்புறுதி, ஜெனரல் அவரேஜ் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்தேன். ஆனால் கேள்வி தலைக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்றிரவு தேடிக்கொண்டு போனதில் வந்து விழுந்ததுதான் நயினாதீவுக் கல்வெட்டு.

எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் ஊர் புங்குடுதீவு. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்கு எத்தனை தரம் போயிருப்பேன்! அந்தக் கோவிலில் அப்படி ஒரு கல் இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தேரையும் மோதகத்தையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். முதலாம் பராக்கிரமபாகு, 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன், தமிழில் ஓர் ஆணை போடுகிறான். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வெளிநாட்டு வணிகர் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கவேண்டும் என்கிறான். பிறகு உடைந்த கப்பல்களுக்கு வருகிறான். யானையும் குதிரையும் கொண்டு வந்த மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு பண்டம் கொண்டு வந்த மரக்கலம் என்றால் செம்பாகம் பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு. ஏன் இந்தப் பாகுபாடு என்றால் அதற்கும் காரணத்தை அவனே சொல்கிறான்: யானை குதிரைமேல் எமக்கு விருப்பம். எவ்வளவு நேரடியான மனிதன்! சுங்கச் சுற்றறிக்கைகளை 22 வருடமாக வாசிக்கிறேன், காரணம் இவ்வளவு பச்சையாக எழுதிய ஒன்றைக் கண்டதில்லை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதற்குப் பிறகு இலங்கை வணிக வரலாறு பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கல்லைத் தொடாமல் போவது அரிது.

யானை நிறைந்த தீவுக்கு எதற்கு யானை இறக்குமதி என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். பராக்கிரமபாகு பர்மாமேல் படை அனுப்பியதற்குப் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் காரணங்களில் யானை வணிகமும் ஒன்று. அந்த நாட்டரசன் யானை விலையை ஏற்றினான், வழமையாக நடந்த விற்பனைக்குத் தடை போட்டான் என்று அதில் வருகிறது. ஆக விருப்பம் என்று அவன் கல்லில் எழுதியது வாய்ப்பேச்சு அல்ல.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பித்தாகவே போய்விட்டது. எந்த ஊரில் எந்த ராஜா உடைந்த கப்பலை என்ன செய்தான் என்று தேடத் தொடங்கினேன். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்று ஒரு துறைமுகம். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் அங்கே நாட்டிய கல்வெட்டில், முந்தைய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பல்களின் பொருளைப் பறித்தார்கள், நான் சுங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுகிறேன் என்கிறான். நூறு வருடம் கழித்து வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, மலபார்க் கரை முழுக்க உடைந்த கப்பலின் சரக்கு அரசனுக்குப் போகும், கோழிக்கோட்டில் மட்டும் உடையவனுக்கே திரும்பும், அதனால்தான் அந்த ஊர் செழித்தது என்று எழுதிவைத்திருக்கிறார். மனிதர் 1344இல் எங்கள் கொழும்புக்கும் வந்தவர், ‘கலன்பு’ என்று பெயரை எழுதி, செரந்தீவின், அதாவது இலங்கையின், மிகப் பெரிய, அழகான ஊர்களில் ஒன்று என்கிறார். இங்கே கடலுக்கு அதிபதியாக ஜாலஸ்தி என்ற ஒருவன் 500 அபிசீனியர்களோடு இருந்தானாம். காலையில் காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் தொங்கிக்கொண்டு அந்த ‘அழகான ஊரை’ நினைத்துப் பார்ப்பேன். பதூதா இங்கிருந்து தமிழகக் கரைக்குப் போகும் வழியில் அவர் ஏறிய கப்பலே உடைந்தது வேறு கதை.

இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. 1275இல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின்படி, உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பினால் அதை ‘உடைந்த கப்பல்’ என்று அரசன் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வருடமும் ஒரு நாளும் வைத்திருந்து உடையவன் வந்தால் கொடுக்கவேண்டும். ஒரு பூனை நீந்திக் கரையேறினால் சரக்கு முழுக்கப் பிழைத்தது! கந்தோரில் இதைச் சொன்னபோது அன்றைக்கு ஒருவரும் வேலை பார்க்கவில்லை.

சரி, கருத்தரங்குக்கு வருவோம்.

இடைக்கால ஆய்வுக்கென்று உலகத்தில் இரண்டு பெரிய கூட்டம் இருக்கிறது. ஒன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் 1962இல் தொடங்கி மே மாதங்களில் நடப்பது. மற்றது இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1994இலிருந்து ஜூலை மாதங்களில் நடப்பது. கொரோனா புண்ணியத்தில் 2021 ஜூலையில் லீட்ஸ் முழுக்க இணையத்துக்கு வந்தது, தலைப்பு காலநிலை. அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே பிற்பகல் ஒன்றரை. சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒரு காதில் இயர்போனோடு கேட்டேன். பாதி விளங்கவில்லை, அது வேறு. என்னைப் பிடித்து இழுத்தது அவர்கள் நேரத்தைப் பாவித்த விதம். ஓர் அமர்வு ஒன்றரை மணித்தியாலம், மூன்று பேர், ஆளுக்கு இருபது நிமிடம், மிச்சம் அரை மணித்தியாலம் கேள்விக்கு. தலைவர் என்று இருப்பவர் பேச்சாளரின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறார். கேள்வி கேட்பவர்களும் கெட்டிக்காரர்கள். ‘நீங்கள் காட்டிய அந்த ஆவணத்தில் இரண்டாவது வரியை நான் வேறு மாதிரி வாசிப்பேன்’ என்று தொடங்குவார்கள். பேசியவர் கோபித்துக்கொள்ளாமல் பேனாவை எடுத்து எழுதிக்கொள்வார்.

எங்களுடையதை நான் குறை சொல்லப் போகிறேன் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். சொல்லத்தான் போகிறேன், ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

இந்தத் தீவில் ஆராய்ச்சி மாநாடு என்பது புதிதும் அல்ல, சின்ன விஷயமும் அல்ல. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964இல் டில்லியில் தொடங்குவதற்கு முன்நின்றவர் எங்கள் தனிநாயகம் அடிகள். 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், நாலாவது 1974இல் யாழ்ப்பாணம். அந்தப் பரம்பரையில் வந்த நாங்கள் இன்றைக்கு ஓர் ஆய்வரங்கை எப்படி நடத்துகிறோம்?

ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் இருக்கும். ஒன்பதரைக்குப் பிரதம விருந்தினரின் வாகனம் பம்பலப்பிட்டியில் நிற்பதாகத் தகவல் வரும். பிறகு மங்கள விளக்கேற்றல், அதுவும் ஐந்து திரிக்கு ஒன்பது பேர், மின்விசிறியை யாரும் நிறுத்தாததால் ஒவ்வொரு திரிக்கும் மூன்று தீக்குச்சி. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, மலர் வெளியீடு, மலரின் முதற்பிரதி பெறுதல், சிறப்புப் பிரதி பெறுதல். சிறப்புப் பிரதி பெறுவதற்கு ஒரு நாற்பது பேராவது வரிசையில் வருவார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு படம். பொன்னாடை. பற்றிஸும் ரீயும். இதெல்லாம் முடிந்து ‘ஆய்வமர்வு ஒன்று’ என்று மைக்கில் சொல்லும்போது மணி பன்னிரண்டே கால், பொன்னாடை போர்த்தியவர்கள் போய்விட்டார்கள், போட்டோக்காரரும் போய்விட்டார். மண்டபத்தில் மிஞ்சுவது கட்டுரை வாசிப்பவர்களும் அவர்களைக் கூட்டிவந்த உறவினரும் என்னைப் போல ஐந்தாறு பேரும்தான்.

இப்படி ஒன்றில் நானும் ஒருமுறை கட்டுரை வாசித்தேன். யார் நடத்தியது என்பது தேவையில்லை, எல்லோரும் இப்படித்தான் நடத்துகிறார்கள். ‘கரையொதுங்கிய சரக்கு: நயினாதீவுக் கல்வெட்டும் இந்தியப் பெருங்கடல் வழக்கமும்’ என்று தலைப்பு வைத்து ஆய்வுச்சுருக்கம் அனுப்பினேன். தெரிவாகிவிட்டது என்று பதில் வந்த அன்றைக்கு வீட்டில் பாயாசம். ஆறு மாதம் உழைத்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில் 57ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்து நூலகம்தான் என் இருப்பிடம். 1942இல் தொடங்கிய சங்கம், அந்த அலுமாரிகளில் என்னென்னவோ கிடக்கிறது, தேடுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். கல்வெட்டின் தமிழ் வாசகத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். இங்கேதான் நான் ஒரு பெரிய ஆளாகப் போனேன்.

செம்பாகம். பாதி என்று பொருள் என்பது இடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அங்கே நாலில் ஒன்று, இங்கே பாதி. ஆனால் அதை ஏன் ‘செம்’பாகம் என்றான்? கல்வெட்டின் முடிவில் இந்த ஏற்பாட்டைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்ததாக வருகிறது. செம்பு! பராக்கிரமபாகுவின் காலத்துக் காசும் செம்புக் காசு. எனக்குள் மின்னல் அடித்தது. யானை குதிரையை உயிரோடு பங்கு போடலாம், ஆனால் நனைந்த துணியையும் மிளகையும் எப்படிப் பங்கு போடுவது? செம்புக் காசில் விலை மதித்துத்தான் போட்டிருக்கவேண்டும். ஆகவே செம்பாகம் என்பது ‘செம்புக் காசில் கணித்த பாகம்’. கிளியரிங் கந்தோர் மூளை, சரக்கைக் கண்டால் உடனே பெறுமதி மதிப்பீடு. இந்தக் கண்டுபிடிப்பை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன். அடிக்குறிப்பு நாலு. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், அவள் “நல்லாயிருக்கு” என்றாள். அந்த ‘நல்லாயிருக்கு’ எப்படிப்பட்ட ‘நல்லாயிருக்கு’ என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

என் முறை வந்தபோது மணி ஒன்று பத்து. பதினைந்து நிமிடம் என்று கடிதத்தில் இருந்தது. தலைவர் காதுக்கருகில் குனிந்து, சாப்பாடு வந்துவிட்டது, ஏழு நிமிடத்தில் முடியுங்கோ என்றார். நான் முன்னுரையை விட்டேன், இப்னு பதூதாவை ஒரு வரியில் சொன்னேன், பூனையை முழுசாகச் சொன்னேன் (அதற்கு மட்டும் சிரிப்பு வந்தது), மூன்றாம் பக்கத்தைத் திருப்பி ‘இனி செம்பாகம் என்ற சொல்லுக்கு வருவோம்’ என்று வாய் திறக்க மணி அடித்தார். மேசை மணி, பள்ளிக்கூடத்தில் அடிப்பதைப் போல ஓங்கி. நன்றி, வணக்கம். கேள்வி நேரம் இல்லை, அடுத்தவர் எழும்பி நிற்கிறார்.

அந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். ஆறு மாதம்! விளக்கேற்ற இருபது நிமிடம் இருந்தது, எனக்கு ஏழு.

சாப்பாட்டுக்குப் பிறகு பிளேன்ரீ மேசையில் ஒரு பெரியவர் நின்றார். நாஷனல் உடுப்பு, கசங்கிய பழைய புத்தகம் ஒன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பிறகு தெரிந்தது, 1974 யாழ்ப்பாண மாநாட்டுக்கு மாணவனாகப் போனவர். அந்த மாநாட்டின் கடைசி இரவில் பொலிஸ் புகுந்து உயிர்கள் போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “தம்பி, பூனை நல்லாயிருந்தது. மிச்சத்தையும் சொல்லியிருக்கலாமே” என்றார். போதாதா எனக்கு? தேநீரை வைத்துவிட்டு மூன்றாம் பக்கத்தை எடுத்து அங்கேயே வாசித்துக் காட்டினேன். செம்பு, செம்புக் காசு, மதிப்பீடு எல்லாம். அவர் இடையில் பேசவில்லை. முடிந்ததும் சீனியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்:

“தம்பிக்கு அம்மா எந்த ஊர்?”

“புங்குடுதீவு, ஐயா.”

“அங்கை பலாப்பழம் பிரிச்சுக் குடுக்கேக்கை செம்பாதி எண்டு சொல்லுறேல்லையோ?”

எனக்கு உடம்பு வியர்த்தது. சொல்வார்கள். அம்மா சொல்வாள். தங்கச்சிக்கும் எனக்கும் எதையாவது வெட்டும்போது ‘சரி செம்பாதி, இனிச் சண்டை பிடிக்கக் கூடாது’ என்பது அவளுடைய வாய்ப்பாடு. செம்பாதி, செம்பாகம். செம்மையான பாதி, கூடாமல் குறையாமல் நேர் பாதி. செம்பும் இல்லை, காசும் இல்லை, மண்ணும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு மன்னனின் ஆணையில் இருந்த சொல் எங்கள் குசினியில் இருந்திருக்கிறது, நான் அதை அகராதியிலும் காசியலிலும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது கணக்குப் பாருங்கள். அந்தத் தலைவர் மணி அடிக்காமல் விட்டிருந்தால் செம்புக் காசை மண்டபத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பேன். அந்தப் பெரியவர் முன்வரிசையில் இருந்தவர், எழும்பித் திருத்தியிருப்பார், எனக்கு மானம் போயிருக்கும், ஆனால் இருந்த முப்பது பேருக்கும் ஒரு சொல் தெரிந்திருக்கும். மணி அடித்ததால் மானம் தப்பியது. இதில் நான் யாருக்கு நன்றி சொல்வது, யாரோடு கோபிப்பது என்று இன்றுவரை தெளிவில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வரங்குகளில் பிழை பிடிபடுவது ரீ மேசையில்தான், மேசைக்கு அந்தப் பெரியவர் வராத நாளில் பிடிபடாமலே போய்விடும். நேரத்தை வெட்டவேண்டும் என்றால் பொன்னாடையில் வெட்டுங்கள், கேள்வியில் வெட்டாதீர்கள் என்று நடத்துகிறவர்களிடம் இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டேன். சிரிக்கிறார்கள். அனுசரணையாளர் வரமாட்டார் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, மண்டப வாடகையை நானா கட்டுகிறேன்?

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் அமர்வில் எனக்குப் பிறகு வாசித்தவர் ஒரு சிங்களப் பெண், முதுகலை செய்கிறார், காலி மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார், அவருக்கும் ஏழு நிமிடம்தான். மண்டபத்தில் பாதிப் பேர் ஆங்கிலம் என்றதும் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். முடிந்து வெளியே வந்தபோது, கல்லை நேரில் பார்க்கலாமா, மியூசியம் பக்கத்தில்தானே என்று அவரே கேட்டார். பெரியவரும் வந்தார். மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் போனோம்.

கொழும்பு தேசிய நூதனசாலை 1877இல் திறந்தது, நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சிம்மாசனத்தைப் பார்த்ததோடு சரி. அந்தக் கல்லுக்கு முன்னால் இதற்கு முதல் நின்றதேயில்லை. உச்சியில் இரண்டு டிராகன். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி, பாரசீகம் நன்றாகத் தேய்ந்துவிட்டது. 1409 பெப்ரவரி 15 என்று திகதி. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பற்படையோடு வந்தது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார், அதாவது 500 வருடத்துச் சங்கதிக்கு மேலால் மாட்டுவண்டி போயிருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனையில் குடியிருந்த தெனாவரைத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை. 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் போகிறது, மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் “இது பக்கிங் லிஸ்ட். கன்சைனி, சரக்கைப் பெறுகிறவர், மட்டும் மூன்று பேர்” என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஆய்வேட்டில் போட்டாரோ தெரியாது.

பிறகு தமிழ்ப் பகுதியை வாசிக்கத் தொடங்கினோம். இங்கே எனக்கு இரண்டாவது அடி. புள்ளி இல்லாத எழுத்து, ஒகரமா ஓகாரமா என்று காட்டுகிற அடையாளமும் இல்லை. நான் ஒவ்வொரு சொல்லிலும் தடக்குப்பட்டேன், ஏனென்றால் எனக்குத் தமிழ் தெரியும். சொல்லை முன்கூட்டியே ஊகித்து, ஊகித்தது கல்லில் இல்லாமல் திகைத்து நின்றேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேச வராது, ஓட்டோக்காரரிடம் நான்தான் கதைத்தேன். ஆனால் எழுத்துகளை ஒவ்வொன்றாக வடிவம் பார்த்துப் படித்தவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். அவர் சொல்லச் சொல்லப் பெரியவர் சேர்த்துச் சொல்லாக்கினார். நான் நடுவில் நின்று ஆங்கிலத்தில் பொருள் சொன்னேன். மூன்று பேருக்கும் மூன்றில் ஒரு பங்கு வேலை. நாற்பது நிமிடம் நின்றிருப்போம். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்து போனது, காவலாளி இரண்டு தரம் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். யாரும் மணி அடிக்கவில்லை. இடைக்காலம் பற்றிய கருத்தரங்கு என்று ஒன்றுக்கு நான் போனேன் என்றால் அது அதுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மலர் என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் வழக்கப்படி கட்டுரைகளை முன்கூட்டியே வாங்கி, முன்கூட்டியே அச்சடித்து, விளக்கேற்றிய கையோடு வெளியிட்டுவிடுகிறார்கள். நான் ரீ மேசையில் வியர்த்துக்கொண்டு நின்றபோது என் செம்புக் காசு, நாலு அடிக்குறிப்போடு, 300 நீலப் பைகளுக்குள் ஏறி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெகிவளை என்று போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து என் பிரதியில் சிவப்புப் பேனாவால் வெட்டினேன். அந்த ஒரு பிரதி திருந்தியது. ஒழுங்கமைப்பாளர்களுக்கு ஒரு திருத்தக் குறிப்பும் அனுப்பினேன், அடுத்த மலரில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த மலரில் இடம் முழுக்க வாழ்த்துச் செய்தி.

போன கிழமை ஒரு தம்பி அழைத்தான். மட்டக்களப்புப் பக்கம், பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். “அண்ணா, உங்கட கட்டுரையைத்தான் என்ர ஆய்வில மேற்கோள் காட்டியிருக்கிறன், அந்தச் செம்புக்காசு விஷயம் நல்ல விஷயம், வேற ஒருத்தரும் சொல்லேல்ல.” வேறொருவரும் சொல்லமாட்டார்கள் தம்பி, எப்படிச் சொல்வார்கள்? பலாப்பழத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு நியாயமான ஒரு கேள்வி கேட்டான். பிழை அச்சில் இருக்கிறது, பக்க எண் இருக்கிறது, திருத்தம் எங்கே இருக்கிறது? மேற்பார்வையாளரிடம் எதைக் காட்டுவது? ரீ மேசை என்று அடிக்குறிப்புப் போட முடியாதே. “எழுத்தில ஏதாவது இருந்தால் அனுப்புங்கோ அண்ணா, நான் மாத்துறன்.”

இருக்கவில்லை. ஆகவே தம்பி, இதோ: மலரின் 87ஆம் பக்கத்தில் ‘இனி செம்பாகம் என்ற சொல்லுக்கு வருவோம்’ என்ற வரியிலிருந்து 88ஆம் பக்கத்தின் நடு வரைக்கும், நாலு அடிக்குறிப்பும் சேர்த்து, அத்தனையும் பிழை. செம்பாகம் என்றால் சரிபாதி. எழுதியவன் நான்தான், திருத்துகிறவனும் நான்தான், சொல்லித் தந்தவர் பெயரைப் போடவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.